டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்: முதலில் அளவு, அப்புறம் அரம்

வடசென்னையில் ஐடிஐ ஃபிட்டர் முடித்த பிள்ளைகள் பெரும்பாலும் பெரம்பூர் ரயில்வே பட்டறைகளையும் எண்ணூர், மணலி கம்பெனிகளையும்தான் பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் பிராட்வே பக்கம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையின் ரிப்பேர் பட்டறைக்கும் வருகிறார்கள். அவர்களுக்குக் கை வேலை நன்றாக வரும். அரம் பிடிப்பார்கள், மட்டம் பார்ப்பார்கள், கேஜ் வைத்து அளப்பார்கள். ஆனால் ரிவால்வருக்குள் இருப்பது பிரஸ்ஸோ லேத்தோ இல்லை. ஒரு பாகத்தில் கால் முடி அளவு தேய்ந்தால் அது வேறொரு இடத்தில் நோயாகக் காட்டும். காட்டும் இடத்தில் அரத்தை வைத்தால், நல்லாயிருந்த பாகமும் போய்விடும். அந்தப் பிள்ளைகள் முதல் சில மாதங்கள் எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

லைசென்ஸோடு ரிவால்வர் வைத்திருப்பவர்களும் படிக்கலாம். ஆனால் உங்களுக்கான எல்லை, துப்பாக்கியின் பக்க மூடியைத் திறக்காமல் செய்யும் சோதனைகளோடு முடிகிறது. வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ் வேறு, ரிப்பேர் செய்வதற்கான லைசென்ஸ் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, தயாரிப்பு, விற்பனையோடு ரிப்பேரையும் சேர்த்தே சொல்கிறது. தனி லைசென்ஸ் இல்லாமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. வீட்டு மேஜையில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கிற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பேப்பர் முதலில்

துப்பாக்கி மேஜைக்கு வருவதற்கு முன்னால் லைசென்ஸ் வர வேண்டும். அதில் உள்ள யூஐஎன் (லைசென்ஸ்தாரரின் தனி அடையாள) எண், பெயர், ஆயுதத்தின் வகை, காலிபர், சீரியல் நம்பர் ஆகியவற்றைப் பாருங்கள். ஃபிரேமில் (துப்பாக்கியின் இரும்பு உடலில்) அடித்திருக்கிற எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் போக வேண்டும். எண் மங்கியிருந்தாலோ, தேய்த்த மாதிரி இருந்தாலோ மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், ஒன்றும் கழற்றாதீர்கள். அடையாள எண்ணை அழிப்பதே தனிக் குற்றம். எல்லாம் சரியாக இருந்தால் ரிஜிஸ்டரில் வரவு எழுதி, உரிமையாளர் சொல்லும் குறையை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "சுத்தும்போது ஒரு எடத்துல பிடிக்குது தம்பி" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். "டைமிங் கோளாறு" என்று நீங்களாக மொழிபெயர்த்து எழுதினால், அப்புறம் நாள் முழுக்க இல்லாத டைமிங் கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

காலியா என்று பார்ப்பது

வாங்கும்போது ஒரு முறை, மேஜையில் வைக்கும்போது ஒரு முறை, இடையில் எழுந்து போய் வந்தால் மறுபடியும் ஒரு முறை. சிலிண்டரைத் திறந்து, தோட்டா உட்காரும் 6 அறையையும் கண்ணால் பாருங்கள், விரல் நுனியால் தடவியும் பாருங்கள். பேரல் எப்போதும் ஆள் இல்லாத சுவரைப் பார்த்தே இருக்கட்டும். உரிமையாளர் தோட்டாவும் கொண்டுவந்திருந்தால் அது வேறு அறையில் பூட்டில் இருக்க வேண்டும். வேலை மேஜை இருக்கும் அறைக்குள் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட வரக் கூடாது. சோதனைக்கு டம்மி தோட்டாதான். டம்மி என்று பார்த்தவுடன் தெரியும்படி நிறம் வேறாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன துப்பாக்கி என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் மேஜைக்கு அதிகம் வருவது கான்பூரில் செய்த .32 ரிவால்வர். பழைய வெப்லி வடிவத்தை ஒட்டியது. மேலே இருக்கும் பூட்டைத் தள்ளினால் பேரல் முன்னால் மடங்கும். 2014இல் வந்த நிர்பீக் அதே குடும்பத்தின் எடை குறைந்த பிள்ளை. 2023இல் வந்த பிரபல் பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் வகை. தாத்தா காலத்து லைசென்ஸில் வருபவை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட், வெப்லி.

மாடல் தெரியாமல் சோதனை செய்தால் நல்ல துப்பாக்கியை நோயாளி ஆக்கிவிடுவீர்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிலிண்டர் பின்னாலிருந்து பார்த்தால் இடது பக்கம் சுற்றும், கோல்ட் வலது பக்கம் சுற்றும். ட்ரிக்கரை முழுக்க இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டினால், பழைய கோல்ட் கல் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். ஸ்மித்தில் லேசாக ஆட்டம் இருக்கும், அது அதன் வடிவமைப்பு. அந்த ஆட்டத்தைக் குறை என்று நினைத்து எடுக்கப் போவது புதியவர்கள் அடிக்கடி செய்கிற வேலை. கீழே நான் சொல்லும் விவரங்கள் பக்கவாட்டில் திறக்கும் ஸ்மித் வகையை வைத்து. மடங்கும் வகைக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். ட்ரிக்கரை இழுக்கும்போது அதோடு இணைந்த ஹேண்ட் என்ற சிறிய தகடு மேலே எழும். சிலிண்டரின் பின்பக்கம் நட்சத்திரம் மாதிரி இருந்து, காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்டாரில், நடுவில் ராட்செட் பற்கள் இருக்கின்றன. திருவிழா ராட்டினத்தைப் பக்கத்தில் நின்று ஒரு கை தள்ளிவிடுகிற மாதிரி, ஹேண்ட் ஒரு பல்லைத் தள்ளி ஓர் அறை அளவு சுற்றிவிடும். அதற்கு முன்பே கீழே இருக்கும் சிலிண்டர் ஸ்டாப் விலகியிருக்கும். அடுத்த அறை பேரலுக்கு நேரே வந்ததும் அந்த ஸ்டாப் சிலிண்டரின் பள்ளத்தில் டக்கென்று விழுந்து பூட்டும். அதற்குப் பிறகுதான், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமர் விழ வேண்டும். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாலும், ட்ரிக்கரை மட்டும் இழுத்தாலும் (டபுள் ஆக்‌ஷன் என்பது இதுதான்) இதே வரிசைதான். இந்த வரிசையில் ஒன்று முந்தினாலோ பிந்தினாலோதான் டைமிங் போய்விட்டது என்கிறோம்.

திறப்பதற்கு முன்: அழுக்கும் ஈரமும்

நம் ஊர்க் காற்றை மறக்காதீர்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் பீரோவுக்குள் தோல் உறையோடு வைத்த ரிவால்வர் ஒரு மழைக்காலத்தில் உப்புப் பூத்துவிடும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேர்தல் வந்தால் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து திரும்பி வந்தவற்றில் பலவற்றைத் திறந்தால் கைப்பிடிப் பலகைக்கு உள்ளே செம்பழுப்புத் தூள். வெளியே பளபளவென்று இருக்கும். அதனால் கைப்பிடிப் பலகையைக் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை.

அடுத்து எஜெக்டர் ராடை அழுத்தி ஸ்டாரை வெளியே தள்ளுங்கள். ஸ்டாருக்கு அடியில் எரிந்த மருந்துத் தூள், தோல் நார், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். ஒரு துளி தூள் போதும். ஸ்டார் முழுக்க உட்காராமல் பின்னால் தூக்கி நிற்கும், சிலிண்டர் சுற்றும்போது பிடிக்கும். "பிடிக்குது" என்று வரும் துப்பாக்கிகளில் பாதிக்குப் பழைய டூத் பிரஷ்தான் மருந்து. தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாளானால் அது பிசினாகி உள்ளே எல்லாவற்றையும் மந்தமாக்கும். பிசுக்கைக் கழுவி எடுக்காமல் எந்த அளவையும் எழுதாதீர்கள், அது பொய்யான அளவு.

எஜெக்டர் ராடையும் இப்போதே பாருங்கள். சிலிண்டரைத் திறந்து மெதுவாகச் சுழற்றி ராடின் நுனியைக் கவனியுங்கள். நுனி வட்டம் போட்டால் ராட் வளைந்திருக்கிறது. அப்படி இருந்தால் சில அறைகளில் ட்ரிக்கர் கனமாகவும் சிலவற்றில் லேசாகவும் இருக்கும். ராட் மரை தளர்ந்து நீண்டிருந்தால் சிலிண்டர் திறக்கவே அடம் பிடிக்கும். பின்னால் வந்த ஸ்மித்களில் இது இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் இறுகும், பழக்கத்தில் கை அப்படித்தான் போகும். கழற்றும்போது அறைகளில் டம்மியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்புகிற வலு முழுக்க ஸ்டாரின் மெல்லிய பின்கள் மேல் விழும்.

அளவுகள்

சந்து அளக்கும் ஃபீலர் கேஜ் நல்லதாக ஒன்று வாங்குங்கள், மெல்லிய இலைகள் உள்ளது. சிலிண்டரின் முன்முகத்துக்கும் பேரலின் பின்முனைக்கும் இடையில் உள்ள சந்துதான் அளக்க வேண்டிய இடம். இரண்டு முறை அளக்க வேண்டும். சிலிண்டரை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து ஒரு அளவு, முன்னுக்குத் தள்ளிப் பிடித்து இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சிலிண்டர் முன்பின் ஓடும் ஆட்டம்.

உதாரணமாகப் பின்னால் 0.20 மி.மீ., முன்னால் 0.12 மி.மீ. வந்தால் ஆட்டம் 0.08 மி.மீ. நல்ல துப்பாக்கியில் இது 0.02 முதல் 0.05 வரை இருக்கும். 0.10 தாண்டினால் கட்டாயம் பார்க்க வேண்டியது. காரணம், ஒவ்வொரு முறை சுடும்போதும் சிலிண்டர் சுத்தியல் மாதிரி ஃபிரேமை அடிக்கும். ஆட்டம் ஆட்டத்தை வளர்க்கும். டைமிங்கும் இதோடு சேர்ந்து மாறும், ஏனென்றால் ராட்செட் முன்னே போனால் ஹேண்ட் அதைப் பிடிக்கிற இடம் மாறுகிறது. அதனால்தான் வரிசை முக்கியம்: முன்பின் ஆட்டத்தைச் சரி செய்துவிட்டு டைமிங்கைப் பாருங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை வேலை, ஒரு ஹேண்ட் வீண்.

ஸ்மித் வகையில் இதற்கு 0.05 மி.மீ. கனமுள்ள மெல்லிய வளையங்கள் கிடைக்கின்றன. சிலிண்டரைத் தாங்கும் யோக் குழாயின் முனையில், சிலிண்டருக்கு உள்ளே அவை உட்காரும். ஒன்று போட்டுப் பார்த்து, சுழற்றி, மறுபடி அளந்து, தேவைப்பட்டால் மட்டும் இரண்டாவது. வளையம் போட்டதும் சிலிண்டர் பின்நிலையிலேயே நிற்கும் என்பதால், மிச்சமிருக்கும் சந்து பெரிய அளவுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதாவது பின்நிலை அளவு ஏற்கெனவே அதிகம் என்றால் வளையம் அதைக் குறைக்காது.

அந்தச் சந்து 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 0.30ஐத் தாண்டினால் பக்கவாட்டில் வாயுவும் ஈயத் துகளும் சீறும், வேகமும் குறையும். மிகக் குறுகினால் நாலு சுற்று சுட்டதும் கரி அடைத்து சிலிண்டர் நின்றுவிடும். அதிகச் சந்தைச் சரி செய்ய பேரலைக் கழற்றி லேத்தில் வைக்க வேண்டும். அது உங்கள் வேலை இல்லை, அளவை எழுதி மேஸ்திரியிடம் கொடுங்கள்.

மடங்கும் வகையில் அளப்பதற்கு முன்னால் மேல்பூட்டையும் கீல் ஆணியையும் பாருங்கள். பூட்டை மூடிய பிறகு பேரலை மேலும் கீழும் அசைத்தால் டக் டக் என்று கேட்டால், சந்தின் அளவு ஒவ்வொரு முறையும் வேறாக வரும். பூட்டு உறுதியாகும் வரை மற்ற அளவுகளுக்கு அர்த்தமே இல்லை.

டைமிங்

இதில்தான் பொறுமை வேண்டும். மார்க்கரால் 6 அறைக்கும் சிலிண்டர் மேல் எண் எழுதிக்கொள்ளுங்கள். 6 அறையிலும் டம்மி போடுங்கள். சில மாடல்களில் ஸ்டாரை நேராகப் பிடித்து வைப்பதே தோட்டாவின் விளிம்புதான். காலி சிலிண்டரில் சோதித்தால் இல்லாத ஆட்டம் தெரியும்.

இடது கைக் கட்டைவிரலை சிலிண்டர் மேல் லேசாக வையுங்கள், ஒரு காகிதத்தைப் பிடித்து நிறுத்துகிற அளவு அழுத்தம் போதும். வலது கையால் ஹேமரை மிக மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். இரண்டு சத்தம் வரும். ஒன்று ஸ்டாப் பள்ளத்தில் விழும் சத்தம், இன்னொன்று ஹேமர் பின்நிலையில் பிடிக்கும் சத்தம். முதலாவது முன்னால் வர வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து வரலாம். ஹேமர் பிடித்துவிட்டது, ஸ்டாப் இன்னும் விழவில்லை, சிலிண்டரைச் சற்றே தள்ளினால் அப்போதுதான் டக்கென்று விழுகிறது என்றால் அந்த அறை பிந்துகிறது. எண்ணோடு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்தபடியே மெதுவாக இறக்கி, அடுத்த அறை. 6 முடிந்ததும் இதே சோதனையை ட்ரிக்கரை மட்டும் மெதுவாக இழுத்துச் செய்யுங்கள். வேகமாக இழுத்தால் சிலிண்டரின் ஓட்டமே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், பிந்துவது மறைந்துபோகும். "நான் சுட்டுப் பாத்தேன், நல்லாதான் இருக்கு" என்று உரிமையாளர் சொல்வது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை.

இப்போது எழுதிய எண்களைப் பாருங்கள். 6 அறையும் பிந்தினால் ஹேண்ட் தேய்ந்திருக்கிறது. 2, 3 என்று குறிப்பிட்ட அறைகள் மட்டும் பிந்தினால் அந்தந்த ராட்செட் பல்தான் தேய்ந்தது. ஒரே அறை மட்டும், அதுவும் சில சமயம் மட்டும் என்றால் மறுபடி ஸ்டாருக்கு அடியில் அழுக்கைத் தேடுங்கள். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பையனை எந்த மேஸ்திரியும் விடமாட்டார்.

ஸ்டாப் வேறு மாதிரிக் காட்டிக்கொடுக்கும். அது சீக்கிரமே எழுந்து சிலிண்டரை உரசினால் பள்ளங்களுக்கு இடையில் சுற்றுவட்டமாகக் கோடு விழுந்திருக்கும். லேசான கோடு பழகிய துப்பாக்கியில் இருப்பதுதான். ஆழமாக இருந்தாலோ, வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் பள்ளத்தைத் தாண்டி ஓடினாலோ ஸ்டாப்பையும் அதன் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். பள்ளத்தின் ஓரம் மடங்கிப் புடைத்திருந்தால் யாரோ சினிமாவில் பார்த்த மாதிரி சிலிண்டரை அடித்து மூடியிருக்கலாம். யோக்கையும் அப்படித்தான் வளைக்கிறார்கள். உரிமையாளரிடம் மரியாதையாக, ஆனால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஹேமர் நிற்கிறதா

காலித் துப்பாக்கியில் ஹேமரை முழுக்கப் பின்னுக்கு இழுத்து வைத்து, ட்ரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரைப் பின்னாலிருந்து முன்னுக்கு அழுத்தித் தள்ளுங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கி இப்போதே ஓரமாகப் போகட்டும், சிவப்பு அட்டை கட்டி வையுங்கள். ஹேமரின் பள்ளமோ ட்ரிக்கரின் முனையோ போய்விட்டது. அந்த முனைகளின் மேல்தோல் மட்டும்தான் கடினம். அரமோ கல்லோ பட்டால் தோல் போய் உள்ளே மிருதுவான இரும்பு வந்துவிடும். இன்றைக்கு வழவழவென்று இருக்கும், கொஞ்ச நாளில் தானாக விழும். ஹேமர், ட்ரிக்கர் இரண்டையும் ஜோடியாக மாற்றுவதுதான் வழி. "ட்ரிக்கரை லேசாக்கிக் கொடுங்க" என்று வருபவர்களுக்கும் இதே பதில். தொழிற்சாலை வைத்த எடையில் இருக்கட்டும்.

சுடும்போது சில தோட்டா வெடிக்கவில்லை என்று குறை வந்தால், முதலில் கைப்பிடியின் முன்பக்கத்தில் கீழே இருக்கும் சிறிய ஸ்க்ரூவைப் பாருங்கள். தட்டை மெயின் ஸ்பிரிங் உள்ள ஸ்மித்களில் அதுதான் ஸ்பிரிங்கை முறுக்கி நிறுத்துகிறது. ட்ரிக்கர் லேசாக இருக்கட்டும் என்று யாராவது தளர்த்தியிருப்பார்கள். முழுக்க இறுக்கினால் பாதி வழக்கு தீரும். அதற்கு அடுத்து ஃபயரிங் பின் முனை. அது உருண்டையாக இருக்க வேண்டும், சில்லு போயிருக்கக் கூடாது. உரிமையாளரிடம் சுட்ட காலித் தோட்டா இருந்தால் கேட்டு வாங்குங்கள். பின் அடித்த குழி எல்லாவற்றிலும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் மறுபடி டைமிங்கைப் பாருங்கள்.

திறப்பது

இங்கிருந்து மேஸ்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ டிரைவர்தான் பட்டறையின் முகம். கடையில் கிடைக்கும் ஆப்பு வடிவ முனை, ஸ்க்ரூவின் பள்ளத்தில் மேல்விளிம்பை மட்டும் பிடிக்கும். வழுக்கினால் ஃபிரேமில் நிரந்தரக் கோடு. பக்கங்கள் இணையாக இருக்கும்படி தீட்டிய முனையை, அந்தந்த ஸ்க்ரூ தலையின் அகலத்துக்கும் பள்ளத்தின் கனத்துக்கும் பொருந்தும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் துப்பாக்கியின் படம் வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் யோக்கைப் பிடிக்கும் முன் ஸ்க்ரூ தனி ரகம். அதை மாற்றிப் போட்டால் சிலிண்டர் இறுகும், அல்லது யோக் கழன்று கையோடு வரும்.

ஸ்மித்தின் பக்க மூடி வலது பக்கம், கோல்ட்டுக்கு இடது பக்கம். ஸ்க்ரூக்கள் வந்ததும் மூடியின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். இந்த ஒரு வரியை எங்கேயாவது பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். மூடி மேலே பார்க்கும்படி பிடித்து, கைப்பிடி இரும்பை மரச் சுத்தியலின் பிடியால் தட்டுங்கள். டொக், டொக் என்று நாலைந்து தட்டில் அதிர்விலேயே மூடி தானாக எழும். மூடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் முடி நுழையாது. அந்தப் பொருத்தம் கையால் வந்தது. நெம்பிய தழும்பு எந்தப் பாலிஷிலும் போகாது.

திறந்ததும் எதையும் எடுக்காமல் மொபைலில் ஒரு படம் பிடியுங்கள். மூடியின் உள்பக்கப் பள்ளத்தில் ஓடும் நீளமான மெல்லிய துண்டு ஹேமர் பிளாக். அதைத் தனி டப்பியில் போட்டு மூடுங்கள். அப்புறம் மெயின் ஸ்பிரிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஸ்பிரிங்கை எடுங்கள், ஹேமரை எடுங்கள். ட்ரிக்கருக்குப் பின்னால் இருக்கும் ரீபௌண்ட் ஸ்லைடு உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கிறது. துணியால் போர்த்தி, விரலால் பிடித்து மெதுவாக எழுப்புங்கள். கை தவறினால் அது பறக்கும். கண்ணாடி போடச் சொன்னது இதற்குத்தான்.

பாகங்களைக் கெரசினில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளக்கும் இடம் உரசும் இடம். பளபளப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பாகம் சாய்ந்து ஓடுகிறது. அதைத் தாங்கும் ஆணி வளைந்திருக்கிறதா, ஃபிரேமில் ஆடுகிறதா பாருங்கள்.

ஹேண்ட் பொருத்துவது

புதிய ஹேண்ட் வாங்கும்போது பழையதைவிடக் கொஞ்சம் கனமாக வரும், வேலை செய்து பொருத்தவே அப்படி. ஸ்மித்தில் முக்கியமானது நீளத்தைவிட இந்தக் கனம்தான். சுற்றின் கடைசியில் ராட்செட் பல், ஹேண்டின் பக்கவாட்டில் உரசியபடி அறையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பழைய கோல்ட்டில் நீளம் முக்கியம், அங்கே கணக்கு வேறு.

முதலில் ஹேண்ட் ஃபிரேமின் துளைக்குள் தன் எடையிலேயே ஏறி இறங்குகிறதா பாருங்கள். அப்புறம் ட்ரிக்கரோடு சேர்த்துப் போட்டு, மூடியைத் தற்காலிகமாக மூடி, 6 டம்மியோடு மெதுவாக இழுங்கள். கனம் அதிகம் என்றால் ஹேமர் விழப்போகும் தருணத்தில் ட்ரிக்கர் இறுகி நிற்கும். அப்போது ஹேண்டைக் கழற்றி, பல்லை உரசும் பக்கத்தை மட்டும் மிருதுவான எண்ணெய்க் கல்லில் தட்டையாக வைத்து இழுக்க வேண்டும். நாலைந்து இழுப்பு, கழுவல், போட்டுப் பார்த்தல். மறுபடி நாலைந்து. கல்லில் சாய்ந்தால் பக்கம் உருண்டுவிடும், பிறகு அது எந்தப் பல்லோடும் ஒத்துப் போகாது. மேல்முனையைத் தொடாதீர்கள்.

மிகவும் பிந்துகிற அறையை அளவுகோலாக வையுங்கள். அந்த அறை சரியாகப் பூட்டியதும் நிறுத்துங்கள். அப்போது வேறு ஏதாவது அறை இறுகினால், அதன் ராட்செட் பல்லைத் தொட வேண்டி வரும். அங்கே மேஸ்திரி. ஏனென்றால் ஹேண்ட் போனால் ஒரு ஹேண்ட், ஸ்டார் போனால் கிடைக்கவே கிடைக்காது. பழைய துப்பாக்கிகளுக்கு ஸ்டாரை அந்தந்த சிலிண்டருக்கே பொருத்தியிருப்பார்கள். எப்போதும் மலிவான, மாற்றக் கூடிய பாகத்தில்தான் வேலை. ஃபிரேமில் ஒருபோதும் அரம் படக் கூடாது.

எங்கள் மேஸ்திரி கல்லைக் கையில் எடுத்தவுடனே கேட்பார்: "இன்னாபா, எவ்ளோ எடுக்கணும்னு தெரியுமா?" எண் சொல்ல முடியாவிட்டால் கல் திரும்ப டப்பாவுக்குப் போகும்.

மூடுவது

கழற்றிய வரிசைக்குத் தலைகீழ். எண்ணெய் அதிகம் வேண்டாம். ஆணிகளுக்கும் உரசும் முகங்களுக்கும் ஊசி முனையில் ஒரு துளி. குளித்துவிட்ட மாதிரி ஊற்றினால் நம் தூசியும் ஈரமும் சேர்ந்து களிம்பாகும்.

இப்போது ஹேமர் பிளாக். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், கப்பல் தளத்தில் கீழே விழுந்த ஒரு ஸ்மித் ரிவால்வர் தானாக வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதற்குப் பிறகுதான் கம்பெனி இந்தத் துண்டைப் புதிய வடிவில் போட்டது. ட்ரிக்கரை இழுக்காதவரை ஹேமருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் குறுக்கே நிற்பதுதான் இதன் ஒரே வேலை. இதைப் போடாமல் மூடினாலும் துப்பாக்கி முழுசாக இயங்கும், எல்லாச் சோதனையும் தேறும். அதனால்தான் பயம். உரிமையாளர் கையிலிருந்து படிக்கட்டில் விழும் வரை யாருக்கும் தெரியாது. ரீபௌண்ட் ஸ்லைடின் ஆணியில் அதன் துளை மாட்டியிருக்க வேண்டும், மேல்முனை மூடியின் பள்ளத்தில் ஓட வேண்டும். மூடியதும் துப்பாக்கியைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்குங்கள், மெல்லிய கிலுகிலுப்பு கேட்கும். அது பிளாக்தான். டப்பியைத் திறந்து காலியாக இருப்பதையும் காட்டிவிட்டு மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மூடியை விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். உட்காராவிட்டால் உள்ளே ஏதோ தவறாக இருக்கிறது. ஸ்க்ரூவால் இழுத்து உட்கார வைக்காதீர்கள்.

கொடுப்பதற்கு முன்

அளவு, டைமிங், ஹேமர் தள்ளல், பின் முனை என்று தொடக்கத்தில் செய்த எல்லாவற்றையும் அதே வரிசையில் மறுபடி செய்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். இன்னும் ஒன்று: ட்ரிக்கரைப் பாதி இழுத்து மெதுவாக விடுங்கள். அது தானாகக் கடைசிவரை முன்னால் வர வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது. தொங்கினால் ரீபௌண்ட் ஸ்பிரிங்கையோ மூடிக்குள் அழுக்கையோ பாருங்கள்.

சுட்டுச் சோதிப்பது பட்டறையில் கிடையாது, அனுமதி உள்ள சுடுதளத்தில் மட்டும்.

உரிமையாளர் வரும்போது லைசென்ஸை மறுபடி வாங்கிப் பார்த்து, எண்ணை ஒத்துப் பார்த்து, சிலிண்டரைத் திறந்து காலி என்று காட்டி, திறந்தபடியே கையில் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தை ரிஜிஸ்டரில் எழுதி மேஸ்திரியிடம் ஒப்படையுங்கள். அளவுகள் எழுதிய அட்டையின் நகல் ஒன்றை அவருக்குக் கொடுங்கள். அடுத்த வருஷம் மழை முடிந்து அவர் வரும்போது அந்த அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். உறையில் போட்டு வைக்காமல், எண்ணெய்த் துணியால் துடைத்து, தனியாகப் பூட்டில் வைக்கச் சொல்லுங்கள். தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு இடத்தில்.